50 செடிக்கான டிரிப் கிட்: குழாய் சரி, டிரிப்பர் சுமார், நீளம் போதாது

ராமநாதபுரம், பரமக்குடி பக்கத்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘50 செடி டிரிப் கிட்’ (சொட்டுநீர்ப் பாசனச் சாமான்) என்று அட்டைப்பெட்டியில் விற்பது, லேபிள் எதுவானாலும், உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான். 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் (செடி வரிசையோடு ஓடும் குழாய்) ஒரு சுருள், 4 மி.மீ. மைக்ரோ டியூப் கொஞ்சம், மூடியைத் திருகி அளவு மாற்றும் டிரிப்பர் 50, டீ, எல்போ இணைப்புகள், குழாய் முனையை மூடும் எண்ட் கேப், துளை போடும் பஞ்ச், டேப்பில் மாட்டும் அடாப்டர், விரல் நீளத்தில் ஒரு ஃபில்டர். கத்தரிக்கும் தக்காளிக்கும் மாடித் தொட்டிக்கும் இது எப்படி என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்ப்பது வேறு. உச்சிப்புளியிலிருந்து மண்டபம், தங்கச்சிமடம் வரை, தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை கடலோர மணலில் வேலிக்கும் காற்றுத் தடுப்புக்கும் வைக்கிற வறட்சிச் செடிகள் இருக்கின்றனவே, ஆவாரை, உகா, இலந்தை, களா, அரளி, உடைமரம், அவை இந்தக் கிட்டை நம்பி வேர் விடுமா?

விடும். ஆனால் பெட்டிப் படத்தில் உள்ளபடி மாட்டினால் ஒரு முழத்துக்கு மேல் விடாது.

படத்தில் செடிக்கு ஒரு டிரிப்பர், அதுவும் தண்டை ஒட்டி. காய்கறிக்கு அது போதும், மூன்று நாலு மாதத்தில் பிடுங்கிப் போடப்போகிறோம். பத்து, இருபது வருடம் நிற்க வேண்டிய புதருக்கு அது போதாது. காரணம் மணல். சொட்டும் நீர் பக்கவாட்டில் நகர்வது மண் துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள் இழுப்பதால். கீழே போவது தன் எடையால். திருவாடானைப் பக்கத்துக் களிமண்ணில் துளை நுண்ணியது, இழுப்பு வலுவானது, ஈரம் வெங்காயம் போலப் பருத்துப் பரவும். கடற்கரை மணலில் துளை பெரிது, இழுப்பு குறைவு, ஈரம் முள்ளங்கி போல நேரே இறங்கும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பருக்கு மணலில் கிடைக்கிற ஈர அகலம் ஓரடி, மிஞ்சினால் ஒன்றேகால் அடி. இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் நாலு மணி நேரம் ஓட்டினாலும் அகலம் அவ்வளவாகக் கூடாது, ஆழம்தான் கூடும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் உள்ள ஈர உருளையில் சுமார் 75 லிட்டர் மணல் இருக்கிறது. ஒரு லிட்டர் மணல் செடிக்குப் பயன்படும்படி பிடித்துவைக்கிற தண்ணீர் ஏறக்குறைய 60 மி.லி. ஆக மொத்தம் நாலரை லிட்டர். எலும்பாகக் காய்ந்த மணலானால் முதல் தடவை ஆறேழு லிட்டர் குடிக்கும். அதற்கு மேல் விடுகிற ஒவ்வொரு லிட்டரும் இரண்டடிக்குக் கீழே போய்விடும். இளஞ்செடியின் வேர் அங்கே எட்டாது.

வேர் தண்ணீரைத் தேடிப் போகும் என்று சொல்வது பாதி உண்மை. காய்ந்த மணலுக்கு அந்தப் பக்கம் ஈரம் இருக்கிறதென்று வேருக்குத் தெரியாது. ஈரம் தொட்ட இடத்தில் கிளைக்கும், ஈரம் முடிகிற இடத்தில் நுனி நின்றுவிடும். மானாவாரியாக நிற்கிற உகாவின் பக்கவேர் கிளைப்பரப்பைத் தாண்டி வெகுதூரம் ஓடுவது, ஐப்பசி கார்த்திகை மழை மணல் முழுவதையும் நனைத்து வழிவிடுவதால்தான். அதே உகாவைத் தண்டடியில் ஒரே டிரிப்பரில் வளர்த்தால், மேலே ஆறடிப் புதர், கீழே ஒரு குடத்து அளவு வேர்ப்பந்து. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஒரு வாரம் விடாமல் வீசினால் சாய்ந்துவிடும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்கு அருகே சுரங்கம் வெட்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் நம் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) இனத்து வேர் கிடைத்ததாகப் பதிவு உண்டு. அந்த இனத்து மரங்களே அங்கே பீனிக்ஸ் நகரத் தெருவோரங்களில் தண்டடிச் சொட்டில் வளர்ந்து கோடைப் புயலில் குடையோடு கவிழ்கின்றன. மரம் ஒன்றுதான், தண்ணீர் விட்ட இடம்தான் வேறு.

ஆகவே இந்தக் கிட்டை அளக்க ஒரே கேள்வி: டிரிப்பரைத் தண்டிலிருந்து படிப்படியாக வெளியே நகர்த்த இது இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது, ஆனால் கஞ்சத்தனமாக. நடும்போதே செடிக்கு இரண்டு டிரிப்பர் வேண்டும், தண்டின் இரு பக்கமும் அரையடி தள்ளி. தண்டின் மேலேயே சொட்டினால் கழுத்து அழுகும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வேரும் ஒரு பக்கமாகவே போகும். ஒன்று காற்று வரும் திசையில், அதாவது மேற்கிலோ தென்மேற்கிலோ, இருப்பது கட்டாயம். செடியைப் பிடித்து நிறுத்துகிற வேர் அந்தப் பக்கத்து வேர்தான். ஆண்டு முடிவில் செடிக்கு நாலு டிரிப்பர் ஆகிவிடும். 50 டிரிப்பரை நாலால் வகுத்துப் பாருங்கள். ‘50 செடி கிட்’ என்பது உண்மையில் 12 செடி கிட்.

நகர்த்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறுவது இங்கேதான். செடி ஓரளவு வளர்ந்ததும் டிரிப்பரை ஒரேயடியாக இரண்டடி தள்ளி வைத்துவிடுகிறார்கள். இரண்டு ஈர உருளைகளுக்கும் நடுவே காய்ந்த மணல் ஒரு சுவர் போல நிற்கும், வேர் அதைத் தாண்டாது, செடி வாடும், ‘இந்த மண்ணுக்கு டிரிப் சரிவராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு தாவலுக்கு ஓரடிக்கு மேல் கூடாது. புது இடத்தில் டிரிப்பரைத் தொடங்கிய பிறகும் பழையதை மூன்று நாலு வாரம் ஓடவிட வேண்டும். இரண்டு ஈரமும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேர் பாலம் கடக்கும். பிறகு பழைய துளையை டம்மி போட்டு அடைக்கலாம்.

தண்ணீர் அளவு, சுமாரான மணலுக்கு: முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரிப்பருக்கு 1 லிட்டர். இரண்டாம், மூன்றாம் மாதம் வாரம் இரு முறை 2 லிட்டர். அதன்பின் வாரம் ஒரு முறை 3 லிட்டர். ஒரு மீட்டர் அகலக் கிளைப்பரப்பு உள்ள ஆவாரைக்கோ உகாவுக்கோ வைகாசி வெயிலிலும் வாரம் 10 முதல் 12 லிட்டர் போதும். நாலு டிரிப்பர், 45 நிமிடம். இலந்தையில் காய் பிடிக்கும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். தினமும் பத்து நிமிடம் என்று விடுவதுதான் இருக்கிற முறைகளிலேயே மோசமானது. மேல் நாலு விரல் மணல் மட்டும் நனையும், அதில் பாதி வெயிலில் போகும், மீதியை நம்பி வேர் மேலேயே பின்னிக்கிடக்கும்.

பெரிய தாவலுக்கு உகந்த மாதம் ஒன்று உண்டு, தை. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் செடிகளுக்கு இடையில் உள்ள மணல் எல்லாம் ஈரமாக இருக்கும், வேர் எந்தச் சுவரும் இல்லாமல் வெளியே ஓடியிருக்கும். மழை விட்டதும் கிட்டைப் பழைய இடத்திலேயே திறந்துவிட்டால் அந்த வெளிவேர் எல்லாம் மாசி பங்குனியில் காய்ந்து போகும். மேல் ஓரடி மணல் காயும்வரை தண்ணீர் விடாமல் பொறுத்து, பிறகு டிரிப்பரைக் கிளைப்பரப்பின் விளிம்புக்கே கொண்டுபோய்த் தொடங்குங்கள். மழை இழுத்துப்போன வேரை அங்கேயே பிடித்துவைக்கத்தான் டிரிப். ஓரடி விதி இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் தளரும்.

ஈரம் எங்கே போயிருக்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் விட்ட மறுநாள் டிரிப்பரை ஒட்டி மண்வெட்டியால் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வெட்டு. காய்ந்த மணல் சரியும், ஈர மணல் சுவராக நிற்கும். நிற்கிற சுவரின் அகலத்தையும் ஆழத்தையும் முழக்கோலால் அளந்தால் உங்கள் மணலின் கணக்கு கைக்கு வந்துவிடும். சாயல்குடிப் பக்கத்துச் செம்மணலும் ராமேசுவரத்து வெண்மணலும் ஒரே கணக்கு சொல்லாது. மண்டபம், பாம்பன் பக்கம் சில இடங்களில் மணலுக்கடியில் பவளப்பார் தட்டும். அங்கே தண்ணீர் பாரின்மேல் நின்று பக்கவாட்டில் விரியும். அகலம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் உப்பும் அங்கேயே தங்கும்.

ஈர அகலத்தை வேறொரு வழியில் கூட்டலாம், கண்மாய்க் கரம்பையால், அதாவது கண்மாய்த் தரையில் படிந்த வண்டலால். ஓரடி ஆழத்தில் இரண்டு விரற்கடை கனத்துக்குக் கரம்பையைப் பரப்பி மேலே மணலை மூடினால் இறங்கும் நீர் அதில் தடைபட்டுப் பக்கமாகப் பரவும். குழிக்குள் மட்டும் கொட்டினால் பயனில்லை. வேர் குழிச் சுவரோடு நின்றுவிடும். நாலடி அகலத்துக்குப் பாய் விரித்தாற்போல விரிக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு கலப்பவர்கள் அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுவது நல்லது, அதிலேயே உப்பு இருக்கிறது. கரை ஒதுங்கும் கடற்பாசியை மூடாக்காகப் போடுவது இந்தப் பக்கத்துச் சபலம். ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்து உப்பு கழியாமல் போட வேண்டாம். பனையோலை நறுக்கு அதைவிட மேல்.

இனி பெட்டியில் உள்ள பொருள்கள்.

லேட்டரல் குழாய் நன்றாகவே இருக்கிறது. ஐ.எஸ். 12786 முத்திரை உள்ளதா என்று மட்டும் குழாயின் மேல் பாருங்கள். முத்திரையில்லாத மலிவுக் குழாய் இந்த வெயிலுக்குச் சீக்கிரமே வெடிப்பு விட்டுவிடும். குறை நீளத்தில். இரண்டாம் ஆண்டில் செடியைச் சுற்றி ஒன்றரை அடி ஆரத்தில் வளையம் போட வேண்டுமென்றால் செடிக்கு 3 மீட்டர் வேண்டும். 12 செடிக்கு 36 மீட்டர், இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசைக்கு 24. ஆக 60 மீட்டர். 50 மீட்டர் சுருள் உள்ள பெட்டி இதற்கு எட்டாது. தனியாக இன்னொரு சுருள் சேர்த்தே வாங்குவது புத்தி.

குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். நூறு மீட்டர் குழாய் விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் இடையில் ஓரடிக்கு மேல் நீண்டு சுருங்கும். அதற்கேற்ப டிரிப்பரும் செடியை விட்டு விலகும். பாம்பு போல நெளிவிட்டு, மூன்று நாலடிக்கு ஒரு ஊன்றுகுச்சி. கிட்டில் வருகிற குச்சி மணலில் நிற்காது, குட்டை. முக்கால் அடிக்குக் குறையாத கம்பியை வளைத்து அடியுங்கள்.

டிரிப்பர்தான் சுமார். மூடியைத் திருகி மணிக்கு 0 முதல் 70 லிட்டர் வரை மாற்றலாம் என்கிறார்கள், மாறவும் செய்கிறது. ஆனால் ஒன்றைக் கூட்டினால் வரிசையில் அடுத்தது குறையும். ஒவ்வொன்றையும் டம்ளர் வைத்து அளந்து சரிசெய்யாமல் இதை நம்ப முடியாது. மணிக்கு 4 லிட்டர் என்றால் 90 விநாடியில் 100 மி.லி. விழ வேண்டும். வரிசையின் தலையிலும் வாலிலும் ஒவ்வொன்றை அளந்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாயோ ஃபில்டரோ அடைத்திருக்கிறது. இந்த டிரிப்பருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. கையால் கழற்றிக் கழுவலாம். சவர் தண்ணீர் ஓடுகிற ஊரில் அது சின்ன விஷயமில்லை.

அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் பி.சி. டிரிப்பரைக் கடையில் மாற்றுப் பொருளாகப் பரிந்துரைப்பார்கள். மோட்டாரிலிருந்து நேரே ஓட்டுபவர்களுக்கு அது சரி. தொட்டியிலிருந்து விடுபவர்கள் யோசிக்க வேண்டும். பத்தடி உயரத் தொட்டி தருவது சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ அழுத்தம்தான், பி.சி. டிரிப்பர் ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய 0.5 கிலோவாவது வேண்டும். சாதா டிரிப்பரும் அந்த அழுத்தத்தில் பெட்டியில் போட்ட அளவைத் தராது. சொட்டும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1 கிலோவில் 4 லிட்டர் விடுவது 0.3 கிலோவில் 2.2 லிட்டர்தான் விடும். ஓட்டும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் தீர்ந்தது, டிரிப்பரை மாற்ற வேண்டியதில்லை.

உப்பைப் பற்றிக் கிட்டின் குறிப்புத்தாளில் ஒரு வரி இல்லை. இந்தக் கரையில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். மின்கடத்துதிறன் (EC, தண்ணீரின் உப்பைக் காட்டும் அளவு) 4 dS/m உள்ள போர்த் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டரை கிராம் உப்பு. வாரம் 12 லிட்டர் என்றால் 30 கிராம். மழையில்லாத 40 வாரத்தில் ஒரு செடியின் காலடியில் 1.2 கிலோ. டிரிப் அந்த உப்பை ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளும். டிரிப்பரைச் சுற்றி மணலில் வெள்ளை வளையம் தெரிவது அதுதான். வளையத்துக்குள் வேர் சுகமாக இருக்கும். ஆபத்து முதல் தூறலில். பத்து நிமிட மழை அந்த வளையத்தைக் கரைத்து வேருக்கு நேராக உள்ளே இறக்கிவிடும். மறுநாள் இலை நுனி கருகும், அரளியில் முதலில் தெரியும். ஆதலால் கோடை மழை தூறும்போது வால்வை மூடாதீர்கள், திறந்துவிடுங்கள். மழையில் நனைந்துகொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஆளைப் பார்த்து ஊர் சிரிக்கும், பரவாயில்லை. பெருமழை பிடித்து இரண்டு மூன்று நாள் அடித்த பிறகு மூடினால் போதும். டிரிப்பரை வெளியே நகர்த்தும்போதும் வெள்ளை வளையத்தின் மேலேயே வைத்துவிடக் கூடாது. மேல் இரண்டு விரற்கடை மணலை வழித்து அப்பால் போட்டுவிட்டு வையுங்கள்.

ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பதடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு அந்த நாற்பதடிக்கு ஏறும். மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைப்பதைவிட விட்டுவிட்டு இறைத்துத் தொட்டியில் நிரப்பி டிரிப்புக்கு விடுவதே ஊற்றுக்கும் நல்லது.

ஃபில்டர் பொம்மை. தொட்டித் தண்ணீருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளலாம். போர்த் தண்ணீரில் நுண்மணல் வந்தால் 120 மெஷ் திரை ஃபில்டர் தனியாக வாங்குங்கள், ஓட்டும் நாளெல்லாம் திரையைக் கழற்றிக் கழுவுங்கள். எண்ட் கேப்பை மாதம் இரு முறை திறந்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். துளைவாயில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்பு. மொத்தமாக அடைத்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, குழாயின் கடைசியில் பி.எச். தாளில் 4 காட்டும்வரை செலுத்தி, 24 மணி நேரம் அடைத்துவைத்து, மறுநாள் எண்ட் கேப் எல்லாம் திறந்து அலசிவிட வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு டிரிப்பர்தான் அடைத்தது என்றால் கழற்றி வினிகரில் ஓர் இரவு போட்டாலே போதும். மைக்ரோ டியூப் வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே பாசி பிடிக்கும். கறுப்பு கேட்டு வாங்குங்கள்.

சில பெட்டிகளோடு பாட்டரி டைமர் ஒன்று சேர்த்துத் தருகிறார்கள். மின்காந்தத்தால் திறக்கும் சாலினாய்டு வகை டைமர் தொட்டி அழுத்தத்தில் சரியாகத் திறந்து மூடாது. பந்து வால்வு வகை திறக்கும். எந்த வகையானாலும் கடற்காற்றில் பாட்டரி முனை பச்சை பூத்துவிடும், கிரீஸ் தடவி வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை என்ற இடைவெளி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தினசரி மட்டுமே உள்ளது இந்தச் செடிகளுக்கு வேண்டாம்.

அணில் குழாயைக் கடிக்கும். சேதுவுக்கு மண் சுமந்த வம்சம் என்று விட்டுவிட முடியாது, பங்குனி சித்திரையில் அதற்கும் தாகம்தான். செடி வரிசைக்கு இரண்டு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கடி வெகுவாகக் குறையும். குழாயை இரண்டு விரற்கடை மணலில் புதைப்பவர்களும் உண்டு. புதைத்தால் டிரிப்பர் வாய் மட்டும் வெளியே தெரிய வேண்டும், இல்லையென்றால் வேர் வாய்க்குள் புகும். பக்கத்தில் வேலிக்காத்தான் நின்றால் அதன் வேரும் இந்த ஈரத்துக்கு வந்து சேரும். ஆறேழு அடிக்குள் இருப்பதை வேரோடு அகற்றிவிட்டு நடுவதே நல்லது.

இலந்தை, களா, நெல்லி என்று ஏக்கர் கணக்கில் வைப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம். தோட்டக்கலைத் துறை வழியாகச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியத்தில் முழு அமைப்பே கிடைக்கிறது; சிறு, குறு விவசாயி சான்றைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து அளவெடுக்க வருகிறவரிடம், வரைபடம் போடும்போதே செடிக்கு எத்தனை டிரிப்பர், தண்டிலிருந்து எத்தனை அடியில் என்று கேளுங்கள். மரத்துக்கு இரண்டு என்று எழுதினால், மூன்றாம் ஆண்டில் வளையம் போட எக்ஸ்ட்ரா லேட்டரலுக்கு என்ன செலவு என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.